விடுதலைத் தீர்ப்பு கையில் இருக்கிறது, மகள் எங்கே?

கேள்வி:

2016-ல் என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். நான்தான் கொன்றேன் என்று வழக்கு. ஜாமீனுக்கு நிற்கக்கூட ஆளில்லை. 2018-ல் ஆயுள் தண்டனை, திருச்சி பெண்கள் சிறை. போன வருடம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை என்னை விடுதலை செய்துவிட்டது. உள்ளே போகும்போது என் மகளுக்கு மூன்றரை வயது. ஜெயிலில் வளர வேண்டாமே என்று கொழுந்தனிடம் விட்டேன். 2019 வரை கூட்டிவந்து காட்டினார், அப்புறம் வரவே இல்லை. இப்போது கேட்டால் "நீ யார் அவளைக் கேட்க" என்கிறார். திருப்பூர்ப் பக்கம் பிள்ளை இல்லாத ஒரு தம்பதிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார், பணம் வாங்கினார் என்று ஊரில் பேச்சு. பள்ளி, ஆதார், உறவினர் என்று எல்லா இடத்திலும் கேட்டுவிட்டேன். போலீஸில் மனுவை வாங்க மறுக்கிறார்கள். இடம் தெரிந்தால் என் தம்பிகளோடு போய்த் தூக்கி வந்துவிடலாமா? ஒருமுறை சிறைக்கு வந்தபோது கொழுந்தன் ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார், அதனால் ஏதாவது வருமா?

வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

தூக்கி வருவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் கெட்டுப்போகும். வேண்டாம் அம்மா. நீங்கள் அவளுடைய தாய், சட்டப்படி இயற்கைக் காப்பாளர், அதனால் உங்கள் மீது கடத்தல் வழக்கு நிற்பது கஷ்டம் என்று உங்கள் தம்பிகளுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது பாதி சரி. ஆனால் ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் நுழைந்து, அழுகிற பன்னிரண்டு வயதுப் பெண்ணை வண்டியில் ஏற்றினால் அத்துமீறி நுழைந்தது, அடித்தது, மிரட்டியது என்று வேறு பிரிவுகள் வரும். கொலை வழக்கிலிருந்து வெளியே வந்த பெண் மீது புது எஃப்ஐஆர். குடும்ப நல நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. அதைவிட முக்கியம், உங்கள் மகள் உங்களை மறுபடி பார்க்கிற முதல் நாள் அப்படி இருக்கக்கூடாது.

சரி, தேடுவதற்கு வருவோம். பள்ளி, ஆதார், உறவினர் என்று எல்லா இடத்திலும் கேட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆதாரை நம்பி உட்காராதீர்கள், ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கைரேகை பதிவதில்லை, வேறு பெயரில் இன்னொன்று எடுத்திருந்தால் பழைய எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் தேடாத ஒரு இடம் இருக்கிறது: உங்கள் வீட்டுக்காரரின் நிலம்.

இது ஏன் என்று சொல்கிறேன். கணவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் பங்கு மனைவி, பிள்ளை, அவருடைய தாய் மூவருக்கும் சமமாகப் போகும், இது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். அதே சட்டத்தின் 25-வது பிரிவு, கொலை செய்தவர் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது என்கிறது. 2018 தீர்ப்பு வந்த அன்று ஊரின் கணக்கில் நீங்கள் வாரிசு வரிசையிலிருந்து விழுந்துவிட்டீர்கள். மிச்சம் இருந்தது ஒரு சின்னப் பெண்ணும் ஒரு வயதான தாயும். குழந்தையைக் காட்டுவது நின்றது 2019-ல். நான் கொழுந்தன் மீது குற்றம் சாட்டவில்லை, இந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்த புத்தி அப்படித்தான் கணக்குப் போடுகிறது.

பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து 2016 முதல் இன்று வரை வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குப் பணம் கிடையாது. அந்த நிலத்தில் கிரயமோ செட்டில்மென்டோ நடந்திருந்தால் ஆவண எண் வரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். மைனரின் பங்கை எழுதிக்கொடுத்திருந்தால் மைனர் யார், வயது என்ன, காப்பாளர் யார், எந்த முகவரி என்று பத்திரத்தில் இருந்தாக வேண்டும். காணாமல் போன குழந்தையின் முகவரியை ஒரு கிரயப் பத்திரத்தின் முதல் பக்கத்தில் படித்த அனுபவம் எனக்கு உண்டு. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறதா, மகள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "இறந்துவிட்டார்" என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள், பொய் சொன்னவர்களுக்குத்தான் அது சிக்கல்.

இன்னொன்று. சித்தப்பா என்ற முறையில் குழந்தையை வளர்த்தார் என்பதற்காக அவள் நிலத்தை விற்கும் அதிகாரம் அவருக்கு வராது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்ற தாயே மைனரின் நிலத்தை விற்க முடியாது, அப்புறம்தானே சித்தப்பா. உங்கள் தண்டனை ரத்தானதால் 25-வது பிரிவின் தடையும் போய்விட்டது, உங்கள் பங்கு உங்களுடையது. அதற்குத் தனி சிவில் வழக்கு போட வேண்டும். இப்போது அவசரமில்லை, முதலில் குழந்தை.

அடுத்து, "பத்திரம் எழுதித் தத்துக் கொடுத்துவிட்டார்" என்கிற பேச்சு. முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் தத்து என்று நம் ஊரில் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி பிள்ளையைத் தத்துக் கொடுக்க உரிமை உள்ளவர்கள் தகப்பன், தாய், சில நிலைமைகளில் மட்டும் காப்பாளர், அதுவும் முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்கிக்கொண்டு. அந்த நிலைமைகள் என்ன? தாய் தகப்பன் இருவரும் இறந்திருக்க வேண்டும், அல்லது உலகை முற்றாகத் துறந்திருக்க வேண்டும், அல்லது பிள்ளையைக் கைவிட்டிருக்க வேண்டும், அல்லது மனநலம் சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும், அல்லது பெற்றோர் யார் என்றே தெரியாமல் இருக்க வேண்டும். சிறைக்குப் போனவர் என்று அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. ஆயுள் தண்டனை துறவறம் ஆகாது.

ஆனால் "கைவிட்டுவிட்டாள்" என்ற வார்த்தையை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் திருச்சி சிறையிலேயே இருக்கிறது. உங்களை யார், எந்தத் தேதியில் மனு போட்டுப் பார்த்தார்கள் என்று சிறையில் நேர்காணல் பதிவேடு வைப்பார்கள். கொழுந்தன் குழந்தையோடு வந்த ஒவ்வொரு தேதியும் அதில் இருக்கும், கடைசியாக வந்த தேதியும் இருக்கும். அப்புறம் நீங்கள் அனுப்பிய கடிதங்கள், மகளைக் கூட்டிவரச் சொல்லி அதிகாரிகளிடம் கொடுத்த விண்ணப்பங்கள். சிறைக் கண்காணிப்பாளருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே எழுதுங்கள், பழைய பதிவேடுகளைக் காலக்கெடு வைத்து அழிப்பார்கள். ஏழெட்டு வருடம் மகளை விசாரித்துக்கொண்டே இருந்தவளைக் கைவிட்டவள் என்று எந்த நீதிபதியும் லேசில் எழுத மாட்டார்.

வேறொரு சாத்தியமும் இருக்கிறது, அது கொஞ்சம் கடினம். குழந்தையை அவர் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்து, அங்கிருந்து முறைப்படி தத்து போயிருந்தால் நோட்டரிப் பத்திரம் மாதிரி அதைத் தூக்கிப் போட முடியாது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி நடந்த தத்தில் பழைய குடும்பத்தின் சட்ட உறவே அறுந்துவிடும். குழுவின் உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். சிறையில் இருந்த தாய்க்குத் தகவலே கொடுக்காமல் அனாதை என்றோ கைவிடப்பட்டவள் என்றோ அறிவித்திருந்தால், 102-வது பிரிவில் உயர் நீதிமன்றம் அந்தக் கோப்பை எப்போது வேண்டுமானாலும் வரவழைத்துப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழ் நகலோடு விருதுநகர், திருப்பூர் இரண்டு மாவட்டக் குழுக்களுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஊர்ப் பேச்சில் பணம் என்று வருவதால் முறைப்படி நடந்திருக்காது என்பது என் ஊகம்.

போலீஸ். வாங்க மறுக்கிறார்கள் என்று நிற்காதீர்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும், காணாமல் போன குழந்தை என்றால் கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்பதும் இப்போது செல்லாது, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். வாங்கவில்லையா, அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4) என்று குறிப்பிட்டே எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. சம்பவம் 2024 ஜூலைக்கு முந்தையது என்பதால் குற்றப் பிரிவுகள் பழைய ஐபிசியில்தான் வரும். பணத்துக்குக் குழந்தையைக் கொடுத்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டம் 81-வது பிரிவும் சேரும், ஐந்து வருடம் வரை கடுங்காவல். தபால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த படிக்கு அவைதான் வேண்டும்.

அந்த அடுத்த படி ஆட்கொணர்வு மனு, அதாவது குழந்தையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கும் மனு, மதுரைக் கிளையில். எஸ்.பி.யும் இன்ஸ்பெக்டரும் கொழுந்தனும் எதிர்மனுதாரர்கள். நீதிமன்றம் கேட்கிற கேள்விக்குப் போலீஸ் பதில் எழுதியாக வேண்டும் என்பதால், ஆறு மாதம் நடக்காதது சில வாரங்களில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை விஷயத்தில் இந்த மனு செல்லுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். 2019-ல் தேஜஸ்வினி கௌட் வழக்கில், தாய் இறந்தபின் குழந்தையை வைத்திருந்த தாய்வழி உறவினர்களிடமிருந்து தகப்பன் ஆட்கொணர்வு மனு மூலம் கேட்டது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பு தெரிந்திருக்கும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியே இலவச சட்ட உதவிக்குப் போதும், வருமானச் சான்று தேவையில்லை. உயர் நீதிமன்றக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது, உதவி எண் 15100.

குழந்தை கிடைத்த அன்றே கையில் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீதிபதி அவளைத் தனியறையில் வைத்துப் பேசுவார், பன்னிரண்டு வயதுப் பெண் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அவளுக்கு அம்மா என்றால் இப்போது யார் முகம் வரும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அம்மா செத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம், அப்பாவைக் கொன்றவள் என்றும் சொல்லியிருக்கலாம். அதனால் குழந்தையை உங்கள் காவலில் கேட்கும் மனுவில் முதல் நாளே முழுக் காவலையும் கேட்டு நிற்காமல், முதலில் சந்திப்பு, அப்புறம் விடுமுறை நாட்கள், அப்புறம் மெல்ல மெல்ல உங்கள் வீடு என்று கேட்கச் சொல்வேன். அந்த மனு அவள் வசிக்கிற இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், திருப்பூர் என்றால் திருப்பூருக்கு அலைய வேண்டியிருக்கும்.

அங்கே "சந்தேகத்தின் பலனில் தப்பியவள்" என்று சொல்வார்கள். 2008-ல் நீல் ரத்தன் குண்டு வழக்கில், மனைவியின் சாவு தொடர்பான கிரிமினல் வழக்கில் சிக்கியிருந்த தகப்பனுக்குக் குழந்தையைக் கொடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது, அதை எடுத்துப் போடுவார்கள். அந்தத் தகப்பன் மீது வழக்கு நிலுவையில் இருந்தது, உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. இந்த வித்தியாசத்தை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். ஒன்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: உங்கள் விடுதலையை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் போயிருக்கிறதா? 90 நாள் கெடு தாண்டியிருக்கும், இருந்தாலும் வழக்கு நிலையைப் பார்த்து ஒரு அச்சுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடச் சிறைக்கு இழப்பீடு உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். இந்தியாவில் அதற்குத் தனிச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-வது அறிக்கையில் வேண்டும் என்று சொன்னது, அப்படியே கிடக்கிறது. பொய்யான உளவு வழக்கில் சிக்கிய இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் கிடைத்தது உண்மைதான், எல்லோருக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. இப்போதைக்கு அதை விடுங்கள்.

கடைசியாக அந்தக் கையெழுத்து. உங்கள் கடிதத்தில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதல் வரி. ரேஷன் கார்டுக்குச் சிறையில் இருப்பவரின் கையெழுத்து எதற்கு? வெற்றுத்தாளா, முத்திரைத்தாளா, மேலே எழுதியிருந்ததா? உங்கள் வக்காலத்துக்கே சிறை அதிகாரி சான்றொப்பம் வைத்திருப்பார், அது மாதிரி இதில் யாராவது முத்திரை வைத்தார்களா, அல்லது கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரே நீட்டினாரா? பக்கத்தில் யார் நின்றார்கள்? அது குழந்தையைக் கொடுக்கச் சம்மதம் என்றோ பொது அதிகாரப் பத்திரம் என்றோ நாளை நீதிமன்றத்தில் வந்து விழுந்தால், மனுவில் நாம் அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருந்தால், மறைத்தீர்கள் என்பார்கள். நினைவிருக்கிறதை ஒரு தாளில் எழுதுங்கள், தேதி தெரியாவிட்டால் எந்தப் பண்டிகைக்கு முன், மகள் அன்று என்ன உடை போட்டிருந்தாள் என்று எழுதினாலும் போதும், நேர்காணல் பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தேதியைப் பிடித்துவிடலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள், ஆட்கொணர்வு மனுவை அதற்குப் பிறகு எழுதட்டும்.