சுவருக்குள் போகும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்: சிறு நெட்வொர்க் கேள்வி பதில்

கேள்வி: டைப்பிங் இன்ஸ்டிடியூட்டுக்கு 12 கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். கேட் 5இ நெட்வொர்க் கேபிள் போதுமா சார்? எல்லாவற்றையும் இணைக்கிற ஸ்விட்ச் எத்தனை போர்ட்?

பதில்: கிகாபிட் வேகத்துக்கு (1000 எம்பிபிஎஸ்) 5இ போதும், 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் சுவரில் பதிப்பதாக இருந்தால் அதைவிட மேல் ரகமான கேட் 6 போடுங்கள். மறுபடி சுவரை உடைக்கிற கூலி அந்த விலை வித்தியாசத்தைவிட அதிகம். ரவுட்டரோடு சேர்த்து 14 போர்ட் வேண்டும். 16 போர்ட் அன்மேனேஜ்டு (செட்டிங் எதுவும் தேவையில்லாத) கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று வாங்குங்கள். 8 போர்ட் இரண்டை இணைத்தால் இணைப்புக்கே 2 போர்ட் போய், மிச்சம் ஒன்றும் இருக்காது.

கேள்வி: 305 மீட்டர் கேபிள் பெட்டி பாதி விலைக்குக் கிடைக்குது அண்ணா. வாங்கலாமா?

பதில்: முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓர் இழையை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அது சிசிஏ, செம்பு பூசிய அலுமினியம். நல்ல கம்பி எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். நீளமாக இழுத்த பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட் எடுப்பது), இரவில் இருட்டில் பார்ப்பதற்கான ஐஆர் விளக்கு எரிந்ததும் வோல்டேஜ் பற்றாமல் ரீஸ்டார்ட் ஆகும். நாலு தடவை வளைத்தால் கம்பியும் ஒடியும். எந்த விலைக்கும் வேண்டாம்.

கேள்வி: டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியுது. ஆனாலும் 100 எம்பிபிஎஸ்தான் வருது, அடிக்கடி கட் ஆகுது.

பதில்: இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட்தானே என்று பார்த்துவிட்டு, பிளக்கின் நிறங்களைப் பாருங்கள். ஒரே நிற ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே அடுக்கியிருப்பார்கள். சாதா டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கிய கம்பி ஜோடி பிரிந்ததைக் காட்டாது. 3, 6 ஆகிய பின்கள் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். 568பி என்கிற நிற வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளி உறையும் பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும். இல்லாவிட்டால் இழுவை முழுக்க கம்பிமேல் விழும்.

கேள்வி: எதிர்க் கட்டடம் 60 மீட்டர். மேலாக கேட் 6 இழுக்கலாமா?

பதில்: தூரம் பிரச்சினை இல்லை, இடிதான் பிரச்சினை. இரு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறு. மின்னல் நேரத்தில் செம்புக் கம்பி வழியாக இரண்டு ஸ்விட்சும் போய்விடும். வெளியில் போடுகிற ஃபைபரும் (மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை), அதை ஸ்விட்சோடு இணைக்க இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் வாங்குங்கள். ஒற்றை இழை மாடல் என்றால் ஒரு முனைக்கு ஏ வகை கன்வெர்ட்டர், மறுமுனைக்கு பி வகை. இரண்டும் ஏ வாங்கினால் லிங்க் விளக்கே எரியாது.

கேள்வி: திடீர்னு ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒண்ணா துடிக்குது, நெட் சுத்தமா இல்லை!

பதில்: ஒரே கேபிளின் இரு முனையும் அதே ஸ்விட்சில் செருகியிருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் அது லூப், தகவல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முனையைப் பிடுங்கினால் சில நொடியில் சரியாகும்.