வீட்டுக்குள் சோர்ந்து கிடக்கும் தேனீக்குத் தேன் வைக்கலாமா?

சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் (குடியிருப்பு) வீடு, காலையில் ஹால் தரையில் பறக்க முடியாமல் ஊர்ந்த தேனீ, பக்கத்தில் வைத்த கடைத்தேனைத் தொடக்கூட இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்தத் தேனை எடுத்துவிடுங்கள். அது வந்த கூட்டில் புழு அழுகல் நோய் இருந்திருந்தால் வித்துகள் தேனில் அப்படியே கிடக்கும். நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தத் தேனீ அதைக் கூட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே புழுக்கள் சாகும். குலா மெலாக்கா என்ற பனைவெல்லமும் வேண்டாம், அதிலுள்ள தாதுக்கள் தேனீயின் வயிற்றைக் கெடுக்கும். ‘இயற்கையானதாச்சே’ என்று சண்டைக்கு வருபவர்கள் அதைக் கஞ்சியில் போட்டுக் குடிக்கட்டும். வெள்ளைச் சீனி இரண்டு கரண்டி, தண்ணீர் ஒரு கரண்டி, நன்றாகக் கரைந்தால் போதும்.

ஈர்க்குச்சி முனையில் ஒரு சொட்டு எடுத்துத் தலைக்கு முன்னால் வையுங்கள். மேலே ஊற்றக் கூடாது. தேனீ மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக, பாகு பட்டால் அவை அடைபடும், இறக்கையும் ஒட்டிக்கொள்ளும். பசி இருந்தால் பழுப்பு நிற நாக்கு தானாக நீளும். ஒரு சொட்டிலேயே அதன் தேன்பை ஏறக்குறைய நிறைந்துவிடும்.

நம் ஊரில் காரியத்தைக் கெடுப்பது எறும்பு. சீனித்தண்ணீர் வைத்துவிட்டு டீ போடப் போனால் திரும்பி வருவதற்குள் தேனீயை இழுத்துக்கொண்டு போய்விடும். தட்டில் தண்ணீர் விட்டு நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தேனீயை வையுங்கள். தூக்குவதற்குக் கையோ சாமணமோ வேண்டாம், அட்டையை அடியில் நுழைத்தால் தானே ஏறிக்கொள்ளும்.

பிறகு தொடாதீர்கள். இறக்கை அசையாமல் வயிறு மட்டும் விடாமல் விம்மித் தாழ்ந்தால் சாகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். பறக்கும் தசையைச் சூடேற்றுகிறது. நெஞ்சுப் பகுதி 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறாமல் அது கிளம்பாது. ஏர்கோன் அறையில் கிடந்ததென்றால் வெயில் படும் இடத்துக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. விடுவதற்குத் துளசிச் செடி நல்லது. வெட்சிப்பூவின் குழல் நீளம், நாக்கு எட்டாது.

எல்லாத் தேனீயும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. இறக்கை ஓரம் கந்தலாக இருந்தால் வயசாகிவிட்டது. வேலைக்காரத் தேனீயின் ஆயுளே சில வாரங்கள்தான். நாக்கு வெளியே தொங்க, மல்லாந்து சுழன்று நடுங்கினால் பூச்சிமருந்து பட்டிருக்கலாம், சீனித்தண்ணீர் அதற்கு மருந்தாகாது. டிங்கிக் கொசுவுக்கு அடிக்கும் புகையும் பூச்சிமருந்துதான். அதை நான் எதிர்க்கவில்லை, அதுவும் வேண்டியதுதான்.

உங்களுடையது முக்கால் அங்குலம் இருந்தால் மலைத்தேனீ. நிலா வெளிச்சத்திலும் பறக்கும் இனம், விளக்கைக் கண்டால் உள்ளே வந்து விடிய விடியச் சுற்றிக் களைத்து விழும். அதற்குப் பசியைவிட விளக்குதான் வினை. இரவில் வந்தால் உள்விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வாசல் விளக்கைப் போட்டுப் பாருங்கள். தினமும் பத்து இருபது வந்தால் பக்கத்தில் பெரிய அடை தொங்குகிறது என்று அர்த்தம். கல்லெறியாமல் அவசர எண் 999க்கு அழையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பால்மரம் (ரப்பர்) இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பிலேயே தேன் சுரக்கும், தேனீக்கு அதுதான் திருவிழா. பால்மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட இடத்தில் அது கிடையாது. செம்பனையில் மகரந்தம் மட்டும்தான், காய் பிடிக்க வைப்பதும் 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டு. மிச்சம் இருப்பது சாலையோரத் தொட்டாற்சிணுங்கிப் பூ. புல்வெட்டும் குத்தகைக்காரர்கள் அது பூத்துக் கிடக்கும் காலை நேரமாகப் பார்த்து அதன்மேல் களைக்கொல்லி அடிக்கிறார்கள்.