அம்மா கிராமத்தில், பிள்ளை வெளியூரில்: இ-சஞ்சீவனி எவ்வளவு தூரம் உதவும்?

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. பட்டுக்கோட்டை பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். 12 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிபி. நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் டவுனுக்கு அழைத்துப்போக ஆளில்லை. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. அரசின் வீடியோ மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பார்த்தால் போதுமா? அதில் வரும் சீட்டுக்கு மருந்துக்கடையில் மாத்திரை கொடுப்பார்களா?

பதில்: கொடுப்பார்கள். போதுமா என்றால், போதாது. ஆனால் மாதாமாத அலைச்சலில் பெரும்பகுதி குறையும். போனில் டாக்டர் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், பேச்சைக் கேட்பார். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது, விழித்திரையைப் பார்க்க முடியாது. நீங்கள் கொடுக்கும் அளவுகளையும் பழைய சீட்டுகளையும் வைத்துத்தான் அவர் முடிவெடுக்க வேண்டும். அவை இல்லாமல் வீடியோவில் போய் உட்கார்ந்தால், 'பழைய மாத்திரையையே தொடருங்கள்' என்பதற்கு மேல் பொறுப்பான டாக்டர் யாரும் சொல்ல மாட்டார்.

இ-சஞ்சீவனி மத்திய சுகாதார அமைச்சகத்தின் இலவசச் சேவை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் மொஹாலி மையம் உருவாக்கியது. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரலில் வந்தது வீட்டிலிருந்தே டாக்டரோடு பேசும் வழி. அதற்கு முன்பே, 2019 நவம்பரில் தொடங்கியது இன்னொன்று: ஊரிலுள்ள துணை சுகாதார நிலையத்திலோ நலவாழ்வு மையத்திலோ செவிலியர் டாக்டரை வீடியோவில் அழைப்பார், நோயாளி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். எல்லோரும் வீட்டிலிருந்து பேசும் வழியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு முதல் தடவை செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் வழிதான் நல்லது. பழகிய கை பிபி பார்க்கும், சர்க்கரை பார்க்கும். 'காலில் புண் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா' என்று டாக்டர் கேட்டால் செவிலியர் பார்த்துச் சொல்வார். கையிருப்பில் உள்ள மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு போனே தேவையில்லை. போவதற்கு முன் கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டு, எந்த நாளில், எத்தனை மணிக்கு டாக்டர் இணைப்பில் இருப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே போகும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிபி, சர்க்கரை மாத்திரைகளைப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். அதற்கு அம்மாவின் பெயர் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவில் இருக்க வேண்டும். தனியார் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருப்பவர்களின் பெயர் பல நேரம் இருப்பதில்லை. பதிந்துவிட்டால் மாத்திரைக்காக டவுனுக்குப் போகும் பயணம் ஏறக்குறைய நின்றுவிடும். செயலியைவிட இதுதான் உங்கள் அம்மாவுக்குப் பெரிய உதவி என்பது எங்கள் கருத்து.

வீட்டிலிருந்து பேசுவதென்றால்

ஆப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் போடுங்கள். பதிவு எண்ணாக அம்மாவின் பட்டன் போன் எண்ணையே கொடுங்கள். ஓடிபி குறுஞ்செய்தியாகத்தான் வரும், அதற்குப் பட்டன் போன் போதும். பக்கத்து வீட்டு எண்ணில் பதிந்தால், நாளை அவர்கள் எண்ணை மாற்றும்போது அம்மாவின் பழைய சீட்டுகளும் கைக்கு எட்டாமல் போகும். எண்ணையும் ஓடிபியையும் போட்டபின் பெயர், வயது, மாவட்டம், என்ன தொந்தரவு என்று கேட்கும். பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஏற்றச் சொல்லும். பிறகு பொது மருத்துவப் பிரிவைத் தேர்ந்தெடுத்து வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆப்பைப் புதுப்பிக்கும்போது திரைகள் மாறலாம், விஷயம் இவ்வளவுதான்.

தடங்கல் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். காத்திருக்கும்போது போன் திரை அணைந்துவிடும், டாக்டர் அழைப்பது தெரியாமல் போய்விடும். திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக மாற்றிவைத்துவிட்டு உட்காருங்கள். கேமரா, மைக் இரண்டுக்கும் முன்பே அனுமதி கொடுத்துவிட வேண்டும். டாக்டர் வந்தபின் 'கேக்குதா, கேக்குதா' என்று ஐந்து நிமிடம் போவது இதனால்தான். நடுவில் வேறு அழைப்பு வந்தால் வீடியோ துண்டிக்கப்படலாம், ஆகவே அந்த நேரத்தில் நீங்கள் ஓசூரிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண்ணுக்குப் போன் போடாதீர்கள். அம்மா வெளிச்சத்தைப் பார்த்து உட்காரட்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும்.

அம்மாவுக்குப் பதில் நீங்களே ஓசூரிலிருந்து பேசிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ விதிமுறைகளின்படி டாக்டர் நோயாளியின் அடையாளத்தையும் வயதையும் உறுதிசெய்ய வேண்டும். சுயநினைவோடு இருக்கும் பெரியவருக்காக வேறொருவர் பேச வேண்டுமானால் நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது அவருடைய முறையான ஒப்புதல் வேண்டும்.

டாக்டர் முன் வைக்க வேண்டியவை

பிபி எழுதிய ஒரு தாள். மேல்கையில் கட்டும் மின்னணுக் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். விரலை கேமராவில் வைத்தால் பிபி சொல்லும் ஆப்களை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கைப்பட்டையின் அளவைப் பார்த்து வாங்குங்கள்: பருமனான கைக்குச் சிறிய பட்டை கட்டினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். காபி குடித்து அரை மணி நேரம் போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசை மீது இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக்கூடாது, கயிற்றுக் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டே எடுத்த அளவு கணக்கில் வராது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒரு முறை. இப்படி ஏழு நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85ஐத் தாண்டினால் டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

சர்க்கரைக்கு: கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையே 300 காட்டிவிடும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் பட்டுக் கெடும், காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். அம்மாவுக்கு ரத்தம் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றில், இரண்டு நாள் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து என எழுதிவைத்தால் போதும். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு வீட்டு மீட்டர் ஈடாகாது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மாத்திரை அட்டைகள். இதில்தான் ஆபத்து அதிகம். அரசு டாக்டரின் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும்; அம்மா இதுவரை சாப்பிட்டது ஏதோ ஒரு கம்பெனிப் பெயரில். அவர் மாத்திரையை அறிவது அட்டையின் நிறத்தை வைத்து. புது அட்டை வந்ததும் இது வேறு மருந்து என்று நினைத்துப் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையில் இது நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதனால் பேசுவதற்கு முன் வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், வலிக்கு வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரே இடத்தில் பரப்புங்கள். அட்டையின் பின்பக்கம், மருந்தின் பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி படம் எடுங்கள். புது மருந்து வந்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். மூலப்பெயர் ஒன்றாக இருந்தால் பழையதை எடுத்துத் தனியே கட்டிவைத்துவிட வேண்டும்.

சீட்டு எங்கே செல்லும், எங்கே செல்லாது

பேசி முடித்ததும் சீட்டு பிடிஎஃப் ஆக வரும். அதில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருந்துக்கடையில் மறுக்கப்படும் சீட்டுகளில் பல, பதிவு எண் வெட்டுப்பட்ட ஸ்கிரீன்ஷாட்களும் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி மங்கிப்போன படங்களும்தான். பிடிஎஃப் கோப்பை அப்படியே அனுப்புங்கள், முடிந்தால் அச்செடுத்துக் கொடுங்கள்.

எல்லா மருந்தையும் போனில் எழுத முடியாது. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை வீடியோ, குரல், எழுத்து என எந்த வகை ஆலோசனையிலும் எழுதலாம். சர்க்கரை, பிபி மாத்திரைகளை முதல் ஆலோசனையில் எழுத வீடியோ வேண்டும். அதே நோய்க்காக நேரில் பார்த்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் அடுத்த பேச்சை விதிமுறை மீண்டும் முதல் ஆலோசனையாகவே கணக்கிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் காட்டுங்கள் என்று நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கத்துக்கு அல்ப்ரசோலம், வலிக்கு டிரமடால் போன்றவை போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அவற்றைப் போனில் கேட்டால் டாக்டர் மறுப்பார், அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நேரில் போகும் நாளில் செய்ய வேண்டியவை: விழித்திரைப் பரிசோதனை, பாத உணர்ச்சி, சிறுநீரகத்துக்காகச் சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின். ஆண்டுக்கு ஒரு முறையாவது. பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் கண்ணும் சிறுநீரகமும் வலியில்லாமலே கெடும். 'எனக்கு ஒண்ணும் இல்லப்பா' என்று அம்மா வீடியோவில் சிரித்துக்கொண்டு சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அரசு தரும் ஆபா (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண்ணைப் பலர் காப்பீட்டு அட்டை என்று நினைக்கிறார்கள். அது 14 இலக்க மருத்துவப் பதிவு எண் மட்டுமே. கட்டணம் எதையும் குறைக்காது. ஆதார் மூலம் எடுப்பதானால் ஆதாரில் இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும், அந்த சிம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு அவசரமில்லை. ஓடிபியைக் கேட்டோ, 'சேவைக்கட்டணம்' என்றோ யாராவது அம்மாவுக்குப் போன் செய்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். இ-சஞ்சீவனி ஆலோசனைக்குப் பணமே கிடையாது.

கடைசியாக, வீடியோ வரிசையில் நிற்கக்கூடாத நேரங்கள். நெஞ்சில் அழுத்தம், வாய் ஒரு பக்கம் கோணுதல், கை கால் திடீரெனத் துவளுதல், பேச்சுக் குழறல் என்றால் நேராக 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். வியர்த்து, நடுங்கி, மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான். கிளிமிபிரைடு சாப்பிடுபவர்களுக்குச் சரியாகிப் பல மணி நேரம் கழித்தும் திரும்ப இறங்கலாம் என்பதால், தேறிய பிறகும் சாப்பிட வைத்து அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவின் பட்டன் போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் உங்களுக்கும் 3ஐ அழுத்திப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கும் போகும்படி அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அமைத்து, அவரையே இரண்டு தடவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.