வாசகர் கேள்வி – பதில்: வங்கிகள் ஒன்றாகும்போது சங்கத்துக்கு என்ன வேலை?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் தமையனார், பெரிய வங்கியிலிருந்த கணக்கை மூடிவிட்டு ‘கிரெடிட் யூனியன்’ ஒன்றில் சேர்ந்துவிட்டாராம். கனடாவில் வங்கிகள் ஒன்றோடொன்று இணைவதை அரசியல்வாதிகளே தடுத்தார்கள் என்றும் சொல்கிறார். வங்கிகள் இணைந்தால் அரசியல்வாதிக்கு என்ன நட்டம்? கிரெடிட் யூனியன் என்பது நம்மூரில் இல்லாத ஒன்றா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: அரசியல்வாதிக்கு வாக்கு நட்டம். 1998 ஜனவரியில் கனடாவின் றோயல் வங்கியும் மொன்றியல் வங்கியும் ஒன்றாகப் போவதாக அறிவித்தன. ஏப்ரலில் கனேடிய இம்பீரியல் வர்த்தக வங்கியும் ரொறன்ரோ டொமினியன் வங்கியும் அதே வழியில் இறங்கின. நாட்டின் ஐந்து பெரிய வங்கிகளில் நான்கு, இரண்டாகச் சுருங்கியிருக்கும். உலகச் சந்தையில் அமெரிக்க வங்கிகளோடு போட்டியிடுவதற்கு உருவம் பெருக்க வேண்டும் என்பது அவர்களது வாதம். ஆனால் ஒரே வீதியில் இரண்டு கிளைகள் இருந்தால் இணைப்புக்குப் பிறகு ஒன்று மூடப்படும் என்பதையும், சிறு நகரத்துக் கடைக்காரருக்குக் கடன் மறுக்கப்பட்டால் அவர் போய்க் கேட்க இன்னொரு கதவு இருக்காது என்பதையும் வாக்காளர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். கிளை மூடப்பட்டால் ஊரவர் வங்கித் தலைவரைத் தேடிப் போவதில்லை. பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுக்குத்தான் போவார்கள். அதனால் ஆளும் லிபரல் கட்சிக்குள்ளிருந்தே எதிர்ப்பு வலுத்தது.

அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் திகதி நிதியமைச்சர் போல் மார்ட்டின் இரண்டு இணைப்புகளையும் மறுத்தார். பொருளாதார அதிகாரம் மிகச் சிலரின் கையில் குவிந்துவிடும், போட்டி குறைந்துவிடும், பிற்காலத்தில் சிக்கல் வந்தால் அரசாங்கத்தின் கை கட்டப்பட்டுவிடும் என்று மூன்று காரணங்களைச் சொன்னார். மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. வழக்கத்தில் ஒரு வங்கி தள்ளாடினால் அதை இன்னொரு வங்கியின் தோளில் ஏற்றிவிடலாம். தோள்களே இரண்டு மூன்றுதான் என்றால் பாரம் முழுவதும் அரசாங்கத்தின் திறைசேரியில், அதாவது வரி கட்டுபவரின் தலையில், வந்து விழும்.

அதற்காகக் கனடா எல்லா இணைப்பையும் எக்காலத்துக்கும் தடுத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே றோயல் வங்கி எச்.எஸ்.பி.சி.யின் கனேடியக் கிளைகளை வாங்க முற்பட்டபோது, எதிர்க்கட்சியான கொன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் பியர் பொலியேவ் அதை மறுக்குமாறு கோரினார்; ஆயினும் 2023 டிசம்பரில் நிதியமைச்சர் கிறிஸ்ரியா பிறீலன்ட் நிபந்தனைகளோடு அனுமதித்தார். நம் இலங்கையிலும் இதற்கு நிகரான ஒரு கதை உண்டு. 2014இல் மத்திய வங்கி வகுத்த ஒருங்கிணைப்புத் திட்டத்தின்படி என்.டி.பி. வங்கியும் டி.எஃப்.சி.சி. வங்கியும் ஒன்றாக வேண்டியிருந்தன. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இனி கிரெடிட் யூனியன். அதன் தத்துவம் எளிது: பணம் வைப்பவரும் கடன் எடுப்பவரும் ஒரே ஆட்கள், அவர்களே சொந்தக்காரர்கள், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்குச் சந்தையில் விற்கப்படுவதில்லை என்பதால் வெளியிலிருந்து ஒரு வங்கி வந்து விலைபேசி விழுங்கிவிட முடியாது. பெரிய வங்கிகள் கைவிட்ட ஊர்களில் கிரெடிட் யூனியன் மட்டும் எஞ்சி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். வட அமெரிக்காவில் இதைத் தொடக்கியவர் கியூபெக்கின் லெவி நகரத்தில் 1900இல் முதற்சங்கத்தை அமைத்த அல்போன்ஸ் டெஜார்டன்.

பதினொரு ஆண்டுகளில் இலங்கையிலும் கூட்டுறவுக் கடன் சங்கக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஊரில் சிக்கனக் கடனுதவுச் சங்கம் என்று ஒரு பெயர்ப்பலகை இருந்தால், தமையனார் அங்கே சேர்ந்திருப்பது அதன் உறவுக்காரச் சங்கத்தில்தான். என் தகப்பனார் உறுப்பினராயிருந்த சங்கம் வாசிகசாலை விறாந்தையில் மாதம் ஒருமுறை கூடும். மேசையில் ஒரு தகரப் பெட்டி, பச்சை மட்டை போட்ட கொப்பி, மைக்கூடு. வெங்காயச் செய்கைக்குக் கடன் கேட்பவர் எழுந்து நிற்பார். இரண்டு பிணையாளர்கள் அவருக்குப் பின்னால் நிற்பார்கள். “போன போகத்துக் காசைக் கட்டினவரோ?” என்று ஒருவர் கேட்பார். எல்லோருக்கும் பதில் தெரியும், இருந்தும் கேட்பார். கொழும்பில் இருந்து விண்ணப்பத்தைப் பார்க்கும் எந்த அலுவலராலும் கேட்க முடியாத கேள்வி அது. வடக்கில் போருக்குப் பிறகு நுண்நிதி நிறுவனங்கள் வீடுவீடாக வந்து கடன் கொடுத்தபோது, அந்தக் கேள்வியைக் கேட்க எவரும் இருக்கவில்லை. வாரத் தவணை கட்ட முடியாத பெண்கள் இன்னொரு கடன் எடுத்து முதற்கடனை அடைத்தார்கள். 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஒரு பகுதிக் கடனைத் தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது.

கேள்வி: சங்கங்கள் சிறியவையாக இருப்பதால்தானே பலவீனமாக இருக்கின்றன? அவற்றையும் இணைத்துப் பெரிதாக்கினால் என்ன?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: செய்து பார்த்தாயிற்று. கனடாவிலிருந்து வந்த லெய்ட்லோ என்ற கூட்டுறவாளரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, சிறு சங்கங்களை இணைத்துத் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக்க வேண்டும் என்று 1970இல் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே நாடெங்கும் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 372 பெரிய சங்கங்களாக மாற்றப்பட்டன. கணக்குப் புத்தகம் ஒழுங்கானது, களஞ்சியம் பெரிதானது, லொறிகள் வந்தன. அதை மறுக்க முடியாது. ஆனால் இயக்குநர் சபைகளில் நியமன உறுப்பினர்கள் நிறைந்தார்கள். தங்கள் ஊர்ச் சங்கம் இப்போது கிளையாகிவிட்டது என்பதைக் கண்ட உறுப்பினர்கள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். அதற்கு முன்னரும், 1961இல் மக்கள் வங்கி ஆரம்பிக்கப்பட்டபோது, கூட்டுறவுச் சங்கங்களுக்கு மேல்வங்கியாயிருந்த கூட்டுறவுச் சமஷ்டி வங்கி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. வடக்கின் கூட்டுறவாளர்கள் வளர்த்த நிதிக்கு ஒரு மேல்வீடு வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. மேல்வீட்டின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதே எங்கள் பிரச்சினை.

என் கருத்தில் சமாச முறை மேலானது. ஊர்ச் சங்கங்கள் தனித்தனியே இருக்க, கணக்காய்வு, பயிற்சி, பணத்தட்டுப்பாட்டுக் காலத்தில் கைமாற்று ஆகியவற்றை மட்டும் மேலே ஒரு சமாசம் பார்க்கலாம். கனடாவிலும் இன்று கிரெடிட் யூனியன்கள் ஒன்றோடொன்று இணைந்துகொண்டுதான் இருக்கின்றன. சுன்னாகம் வாசகரின் தமையனார் அங்கே உறுப்பினர் என்றால், இணைப்புக்கு வாக்கெடுப்பு வரும்போது அவருக்கும் ஒரு வாக்கு இருக்கும். பெரிய வங்கியில் கணக்கு மட்டும் வைத்திருந்தபோது அப்படி ஒன்று இருக்கவில்லை.

கேள்வி: ஊர்ச் சங்கத்தில் சேமிப்பை வைப்பது பாதுகாப்பானதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: வங்கியைப் போலவே என்று சொல்ல மாட்டேன். அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனி முறிந்தால் வைப்பாளர் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி உண்டு. கூட்டுறவுச் சங்கங்கள் மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் வருபவை அல்ல. கூட்டுறவு ஆணையாளரின் திணைக்களமே அவற்றைப் பார்க்கிறது. அந்தக் காப்புறுதியும் அவற்றுக்கு இல்லை. ஆகவே ஓய்வுகாலப் பணம் முழுவதையும் ஓரிடத்தில் வைக்க வேண்டாம். அயலில் உள்ள சங்கத்தில் பங்கு எடுங்கள், ஒரு பகுதியைச் சேமியுங்கள், வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கடைசிக் கணக்காய்வு அறிக்கையையும் அறவிடப்படாத கடன் தொகையையும் கேளுங்கள். கேட்டவுடன் செயலாளர் அலுமாரித் திறப்பைத் தேடத் தொடங்கினால், அன்றைக்குப் பணத்தைக் கட்டாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.