டெல்லியில் இன்டர்ன்ஷிப், கல்லூரியில் கருத்தரங்கு

கேள்வி: மகள் பி.ஏ. அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. டெல்லியில் இன்டர்ன்ஷிப் முடித்து, அதையொட்டிக் கருத்தரங்கக் கட்டுரை தரச் சொல்கிறது கல்லூரி. எப்படித் தயாராவது?
- வாசகி, பாபநாசம்

பதில்: மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்குக்கு முயலலாம். மாதந்தோறும் 1 முதல் 10-ம் தேதி வரை இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நான்காம் பருவத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பிளஸ் டூவில் 85 சதவீதம் தேவை. காலம் 6 வாரம் முதல் 6 மாதம். ஊதியம் இல்லை, லேப்டாப்பும் தங்குமிடமும் நம் பொறுப்பு. விதிகள் மாறக்கூடும், அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். கல்லூரியின் தடையில்லாச் சான்றுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் அதற்காக அலைந்து வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு.

கட்டுரையில்தான் பெரும்பாலும் சிக்கல். அலுவலகத்தில் பார்த்த கோப்புகளை அனுமதியின்றி எழுத முடியாது. ஆகவே பொதுவில் கிடைக்கும் ஆவணங்களை வைத்தே தலைப்பை முடிவு செய்யட்டும். நம் பகுதிப் பிள்ளைக்குக் காவிரியைவிட நல்ல தலைப்பு ஏது? கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. காவிரி நீர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது; அதை நடைமுறைப்படுத்தும் மேலாண்மை ஆணையம் இருப்பது டெல்லியில். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவைப் பரப்பு, கர்நாடக எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்து மூன்றையும் ஆணைய முடிவுகளோடு மாதவாரியாக ஒப்பிட்டால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். '2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம்' இன்னொரு நல்ல தலைப்பு.

இன்டர்ன்ஷிப்புக்கு எந்த மாதம் போவது என்பதையும் யோசியுங்கள். மே, ஜூனில் பொதுவாக நாடாளுமன்றக் கூட்டம் நடக்காது. அவை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலக் கூட்டத்தொடரையொட்டிப் போவதே நல்லது.