ஓடும் காரை அல்ல, நிற்கும் காரைச் சோதியுங்கள்: சூறாவளிப் பருவக் கேள்வி பதில்

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2003 முதல் ஹூஸ்டன் பகுதியில் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவருகிறேன். புயலின்போது காரில் வெளியேறுவது, காரைக் காப்பது பற்றி டெக்சஸ், புளோரிடா தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஹூஸ்டனிலிருந்து: அண்ணா, கார் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆயில் மாற்றியாகிவிட்டது. சான் அன்டோனியோ 200 மைல்தானே, இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

தம்பி, அந்தத் 'தானே'தான் எனக்குக் கவலை தருகிறது. 2005 செப்டம்பரில் ரீட்டா புயல் வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். டாலஸ் நான்கு மணி நேரப் பயணம் என்று குடும்பத்தோடு கிளம்பினேன். பதினாறு மணி நேரம் கழித்தும் பாதி வழியில்தான் இருந்தோம். இருபது லட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே சமயத்தில் சாலைக்கு வந்துவிட்டார்கள். வெயிலோ 100 டிகிரியை நெருங்கியது. டெக்சஸில் அந்தப் புயலையொட்டி நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை காற்றால் அல்ல, வெளியேறும் வழியில் நேர்ந்தவை.

சாலையோரம் பானெட்டைத் திறந்து வைத்து நின்ற கார்களில் பல, முந்தின நாள் வரை நன்றாக ஓடியவை. 70 மைல் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். விசிறி பழுதாகியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. நெரிசலில் நிற்கும்போது அந்த விசிறி ஒன்றுதான் துணை. ஆகவே ஒரு சனிக்கிழமை மதியம், நல்ல வெயிலில், திறந்த இடத்தில் காரை நிறுத்தி, ஏசியை முழுதாகப் போட்டு, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டி ஏறினாலோ, ஏசிக் காற்று வரவரச் சூடானாலோ, விசிறியையும் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தையும் உடனே பார்க்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். பாட்டரி மூன்று ஆண்டுகளைக் கடந்திருந்தால் அதையும் சோதித்துவிடுங்கள். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் இலவசமாகவே பார்த்துத் தருகிறார்கள்.

ஷுகர்லேண்டிலிருந்து: ஐயா, பெட்ரோலைக் கேனில் நிரப்பிக் காருக்குள் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா. மூடிய காரில், வெயிலில், குழந்தைகளோடு பெட்ரோல் ஆவி சேர்வதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஜூன் முதலே டாங்க் பாதிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் புயல் உருவாகிறது என்ற செய்தி வந்த அன்றே நிரப்பிவிடுங்கள், மறுநாள் வரிசை நீண்டுவிடும். ஏசியோடு நின்ற இடத்தில் ஓடும் கார் மணிக்கு அரை கேலன் வரை குடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் கார்டு இயந்திரம் வேலை செய்யாது. கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

டாம்பாவிலிருந்து: எங்களுடையது மின்சாரக் கார். நெரிசலில் மாட்டினால் என்ன ஆகும்?

நிற்பதில் உங்கள் கார் பெட்ரோல் காரைவிடச் சிக்கனமானது. ஏசிக்கு மட்டுமே மின்சாரம் செலவாகும். முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு, முதல் சார்ஜிங் இடத்தில் கூட்டமாக இருந்தால் அடுத்தது எது என்பதையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். உங்களுக்கு உண்மையான ஆபத்து கடல்நீர். 2022இல் இயன் புயலுக்குப் பிறகு புளோரிடாவில் உப்புநீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில, நீர் வடிந்த பின்னர் தீப்பிடித்தன. காரை விட்டுச் செல்வதானால் மேட்டுப்பாங்கான இடத்தில் விடுங்கள். மூழ்கிவிட்டால் சார்ஜ் செய்யாமல், வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

பியர்லேண்டிலிருந்து: ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. எப்போது கிளம்புவது?

முதலில், கிளம்ப வேண்டுமா என்று பாருங்கள். உங்கள் ஜிப் எண் வெளியேற்ற மண்டலத்தில் வருகிறதா என்பதை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். ரீட்டாவின்போது மண்டலத்தில் இல்லாத பலரும் கிளம்பியதால்தான் கடலோர மக்களின் வழி அடைபட்டது. மண்டலத்தில் இருந்தால், வெளியேறச் சொல்லும் அரசு ஆணைக்குக் காத்திராமல் ஒரு நாள் முன்னதாகவே, விடியற்காலையில் புறப்பட்டுவிடுங்கள். முதியோருக்கு நெரிசலின் வெயில் ஆகாது. அதே ரீட்டாவில், டாலஸுக்கு அருகே முதியோர் இல்லத்து பஸ் ஒன்று தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி இன்னும் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

தண்ணீர், தயிர்சாதம், மருந்துகள் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்சுலினை டிக்கியில் வைக்காதீர்கள், குளிர்ப்பையில் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் விசாத் தாள்களும் நனையாத உறையில் ஒன்றாக இருக்க வேண்டும். வீடு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். அந்தத் தாள்களை மறுபடி வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கேட்டியிலிருந்து: ஸ்டெப்னி பார்க்க வேண்டுமா?

கட்டாயம். பட்டறைக்கு வரும் கார்களில் பலவற்றின் ஸ்டெப்னியில் காற்றே இருப்பதில்லை. பல புதிய கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. டிக்கியைத் திறந்து இன்றே பாருங்கள்.

ஹூஸ்டனிலிருந்து: சாலையில் தண்ணீர் கொஞ்சம்தான் என்றால் கடந்துவிடலாமா?

கூடாது. ஆறு அங்குல நீர் காரின் அடியைத் தொடும், கட்டுப்பாடு போகும். ஓர் அடியில் பல கார்கள் மிதக்கும். இரண்டு அடி ஓடுநீர் எஸ்யூவியையும் இழுத்துப்போகும். இருட்டில் ஆழம் தெரியாது. திரும்பிவிடுங்கள்.

லீக் சிட்டியிலிருந்து: வீட்டு வாசலில் நின்ற கார் மூழ்கிவிட்டால், நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

பார்க்கவே கூடாது. 2017இல் ஹார்வி வெள்ளத்துக்குப் பிறகு, "ஒரே ஒரு தடவைதான் சாவியைத் திருப்பினேன்" என்று வந்தவர்களை எண்ணி மாளாது. சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்றைப்போல அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து அதில் மோதும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சினும் போய்விடும். ஆயில் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. நான்கு பக்கமும் படம் எடுத்து இன்சூரன்சுக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் ஏற்றுங்கள்.

இன்சூரன்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளச் சேதத்துக்குக் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு வேண்டும், எதிராளிக்கு மட்டும் பணம் தரும் காப்பீடு போதாது. புயல் நெருங்கிவிட்டால் நிறுவனங்கள் புதிதாகச் சேர்ப்பதை நிறுத்திவிடும். உங்கள் பாலிசித் தாளை இன்றிரவே எடுத்துப் படித்து, 'காம்ப்ரிஹென்சிவ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.