குறைந்த செலவில் எடுத்த டிவி பேய்க்கதை எப்படி இவ்வளவு பயமுறுத்துகிறது?

1968-இல் பிபிசிக்காக ஜொனாதன் மில்லர் இயக்கிய கறுப்பு வெள்ளைப் படம் ‘விசில் அண்ட் ஐல் கம் டு யூ’ இதற்கு அருமையான பாடம். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை, தனக்குள் முணுமுணுத்துத் திரியும் பேராசிரியராக மைக்கேல் ஹார்டர்ன், அவ்வளவுதான். பேய் வெறும் கந்தல் துணி! தூரத்தில், மெதுவான அசைவில், சிதைந்த ஒலியோடு வருகிறது.

நீங்கள் முயன்றால் நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள், வேகம் பாதியாகும். விளக்கு துணிக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வைத்தால் நெசவுகூடத் தெரிந்து, போர்வை போர்வையாகவே நிற்கும். தூக்கிப் பிடிக்க தூண்டில் நரம்பு வேண்டாம், மின்னிவிடும். இருண்ட பின்னணியில் கறுப்பு நூல் போதும். பின்னணி இசையை விட்டுவிட்டு, காற்றையும் காலடியையும் தனியே பதிவு செய்யுங்கள்.